கல் எடை கழித்து

முதலில் கடலை என்றுதான் நினைத்தோம்.
பணிஸ் கன்னத்தில் பதுக்குகிற சாதி,
ஹம்ஸ்டர் எல்லாம் அப்படித்தானாம்.
சூரியகாந்தி விதை, காய்ந்த பாண் விளிம்பு,
ஒருமுறை மிதுஷாவின் அழிறப்பர் முழுதாய்.
வரிசையில் நின்று பால்மா வாங்கிக்
கட்டிலுக்கடியில் ஒளித்தவர்கள்தானே நாங்களும்,
அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கன்னம் காலியானது.
இடது முன்னங்காலுக்குக் கீழே
அது அப்படியே இருந்தது.
தொட்டேன், தோலுக்குள் உருண்டது,
கடலையைவிடப் பெரிது,
கடலையைவிடச் சூடு.

செட்டியார் தெருவில் எனக்குத் தராசு வேலை.
கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சுப் படாமல்,
மில்லிகிராமுக்கும் கணக்குச் சொல்லும் தராசு.
முதலாளி சாப்பிடப் போன நேரம்
பையிலிருந்து ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்தேன்.
டப்பாவைக் கழித்து
நூற்று நான்கு கிராம்.
பதின்மூன்று பவுண் என்றது வாய், தன்பாட்டில்.
றிஸ்மியா சிரித்தாள்:
"எலிக்கு சீல் அடிக்கவா?"

அடுத்த கிழமை நூற்றுப் பதினொன்று.
"பணிஸ் கொழுத்திட்டான்" என்று
மிதுஷா கொப்பியில் திகதி போட்டு எழுதினாள்.
என் கைக்குள் அவன் முள்ளந்தண்டு
கோத்த மணிபோல் எண்ண வந்தது.

பழைய நகை வந்தால்
கல் எடை கழித்துத்தான் பொன்னுக்குக் காசு.
கல் எங்கே முடிகிறது, பொன் எங்கே தொடங்குகிறது,
பார்த்ததும் சொல்வேன், பதினாலு வருசம்.
இங்கே இரண்டுக்கும்
ஒரே இரத்தம் ஓடியது.

நாரஹேன்பிட்டியில் டொக்டர் விஜேநாயக்க
மேசை விளக்கைச் சரித்துப் பார்த்து
"கெடியக்" என்றார்.
சிங்களத்தில் பழத்துக்கும் அதுதான் சொல்.
"உள்ளுக்குப் பழம் காய்ச்சிருக்கா அம்மா?"
தமிழில் மட்டும் என்ன,
பிறந்த அன்றிலிருந்து இவளை
கட்டித் தங்கமே என்றுதான் கூப்பிடுகிறேன்.
அன்றைக்கு வாய் வரவில்லை.

இரண்டு வயது. அவனுக்கு அது கிழட்டு வயது.
மயக்க மருந்து ஒரு துளி கூடினால் எழும்பான்.
வெட்டாவிட்டால் முதலில் கால், பிறகு மூச்சு.
வெட்ட இருபத்திரண்டாயிரம்.
ஆயிரத்தைந்நூறுக்கு வாங்கிய உயிர்.
இந்தக் கணக்கை டொக்டரே சத்தமாய்ப் போட்டார்,
நான் வேண்டாமென்று சொல்ல
வெட்கப்படக்கூடாதென்று.
நான் காதைத் தொட்டுப் பார்த்தேன்.
தோடு இருந்தது.

ஈடு வைக்க வேறு கடைக்குப் போனேன்,
ஆமர் வீதி தாண்டி.
"ஆருக்குச் சுகமில்லை?" என்றான் அங்கிருந்த பெடியன்.
"வீட்டில ஒராளுக்கு."

இருபது நிமிடம், நாலு தையல்.
கட்டியைக் கேட்டு வாங்கியது நான்தான்.
சின்னப் போத்தலில், வெளிர் மஞ்சளாய்,
நரம்போடிய ஒன்று.
மறுநாள் தராசில் வைத்தேன்.
போத்தலைக் கழித்து, தண்ணீரைக் கழித்து
பதினெட்டு. இரண்டே கால் பவுண்.
பணிஸ் தொண்ணூற்று மூன்று.
கணக்குச் சரி, சேதாரம் இல்லை.
றிஸ்மியா என் காதைப் பார்த்தாள்,
இந்தமுறை சிரிக்கவில்லை.
தன் சோற்றுப் பார்சலைப் பாதி பிரித்து
என் பக்கம் தள்ளினாள்.

கொப்பியில் தொண்ணூற்று மூன்றுக்கு நேரே
மிதுஷா என்ன எழுதுவதென்று கேட்டாள்.
"பணிஸ் மட்டும்" என்றேன்.
அப்படியே எழுதினாள்.

கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் மாடி.
துறைமுகத்துக் கிரேன் வெளிச்சம்
யன்னலால் வந்து கூட்டில் விழுகிறது.
நாலாம் நாள். ஓடக்கூடாது, தையல் பிரியும்,
சில்லைக் கழற்றி வையுங்கள் என்றார்கள்.
கழற்றினேன். விடிய விடியக் கம்பியைக் கடித்தான்.
திரும்பப் பூட்டினேன்.

இப்போது ஓடுகிறான்,
ஒரு சத்தம் நீளமாய், ஒரு சத்தம் குட்டையாய்.
வலப்பக்கம் சரிந்துதான் இன்னும் ஓடுகிறான்,
இடப்பக்கம் இல்லாத பாரத்துக்கு
ஈடு கொடுத்துக்கொண்டு.